சிட்னியில் மலிவான பகுதி எது? கோவை வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: எனக்கு 38 வயது. கோவையில் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சிட்னியில் ஒரு நிறுவனம் 482 என்ற தற்காலிக வேலை விசாவில் எடுத்திருக்கிறது. அலுவலகம் நார்த் சிட்னியில். வாரம் மூன்று நாள் போக வேண்டும். சம்பளம் ஆண்டுக்கு 1,05,000 டாலர். மனைவி திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். 9 வயதில் மகள், 5 வயதில் மகன். கல்லூரி நண்பன் மார்ஸ்டன் பார்க்கில் இருக்கிறான். நாலு படுக்கையறை வீடே வாரம் 760 டாலருக்குக் கிடைக்கிறது, பக்கத்திலேயே வா என்கிறான். சித்தப்பா மகன் ஹோம்புஷில். அங்கே இரண்டு படுக்கையறை ஃப்ளாட் 740. மவுண்ட் ட்ரூயிட்டில் ஒரு தனி வீட்டை 540-க்குப் பார்த்தேன், ஆனால் அது ஆகாத ஏரியா என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். செலவு குறைவாக இருக்கும் பகுதி எது? இங்கிருந்தே அட்வான்ஸ் கட்டி வீட்டை முடித்துவிடலாமா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். ஏன் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வாடகை மூன்று இடத்தில் வருகிறது, நண்பர் வருகிறார், சித்தப்பா மகன் வருகிறார். உங்கள் மனைவி ஒரே ஒரு வரியில் வந்துவிட்டுப் போகிறார். சிட்னியின் மேற்குப் பகுதியில் பல வருடங்களாக வாடகை வீடுகளை நிர்வகிக்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் அலுவலகத்துக்கு வரும் புதுக் குடும்பங்கள் பெரும்பாலும் இப்படித்தான் கணக்குப் போடுகின்றன. கணவருக்கு ரயில் வசதியா, வாடகை எவ்வளவு, அவ்வளவுதான். ஆனால் இந்த ஊரில் ஒரு குடும்பம் மூச்சு விடுவது இரண்டாவது சம்பளத்தில். அந்த இரண்டாவது சம்பளம் இரண்டாவது கார் இல்லாமல் வரக்கூடிய பகுதி எதுவோ, அதுதான் உங்களுக்கு மலிவான பகுதி. வாடகைச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான்.

முதலில் சம்பளத்தைச் சரியாகப் பார்த்துக்கொள்வோம். ஒப்பந்தக் கடிதத்தில் 1,05,000 என்பது சூப்பரானுவேஷன் நீங்கலாகவா, சேர்த்தா என்று பாருங்கள். நம் ஊர் பிஎஃப் மாதிரி, 12 சதவீதம். ‘பேக்கேஜ்’ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் சேர்த்துத்தான். அப்படியானால் உங்கள் உண்மையான சம்பளம் 93,750தான். நீங்கலாக என்றால் வரியெல்லாம் போகக் கையில் வாரம் ஏறத்தாழ 1,550 வரும். சேர்த்து என்றால் 1,400. இங்கே வாடகை வாரக் கணக்கு. வாரம் 600 என்றால் மாதம் 2,400 என்று நாலால் பெருக்கிவிடாதீர்கள். வருடத்துக்கு 52 வாரம். மாதத்துக்கு 2,600 வருகிறது. அந்த 200 டாலர் வித்தியாசத்தில்தான் பல பேருக்கு முதல் மாதமே இடிக்கிறது.

இன்னொன்று, வாடகையைவிட முக்கியமானது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 482 போன்ற தற்காலிக விசாவில் வருபவர்களின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி இலவசம் இல்லை. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் கட்ட வேண்டும். உங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மாநிலக் கல்வித் துறையின் தற்காலிகக் குடியிருப்பாளர் திட்டம் என்ற பக்கத்தில் இந்த ஆண்டுக்கான தொகை இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, விமானம் ஏறுவதற்கு முன்பே நிறுவனத்திடம் அந்தக் கட்டணத்தை ஏற்க முடியுமா என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் ஏற்கும், ஆனால் கேட்டால்தான். மகனைப் பொறுத்தவரை, ஜூலை 31-க்குள் 5 வயது நிறைபவர்களை அந்த ஆண்டு, இங்கே பள்ளியின் முதல் வகுப்பான கிண்டர்கார்டனில் சேர்க்கலாம். பள்ளி ஆண்டு ஜனவரி கடைசியில் தொடங்கும். அதுவரை பகல் காப்பகத்தில் விடுவதென்றால், அரசு மானியம் உங்கள் விசாவுக்குக் கிடையாது. நாள் ஒன்றுக்கு நூறு டாலருக்கு மேல் போகும். மனைவி வேலை தேடத் தொடங்கும் நாளை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி ஏரியா.

மார்ஸ்டன் பார்க்கில் உங்கள் நண்பர் சொல்வது பொய்யில்லை. புது வீடு, நாலு அறை, பின்னால் கொஞ்சம் தோட்டம், வாரம் 760. நம் ஆட்கள் நிறையப் பேர் அங்கே வீடு வாங்கிக் குடியேறியிருக்கிறார்கள். ஆனால் அங்கே ரயில் நிலையம் இல்லை. ஸ்கோஃபீல்ட்ஸ் ஸ்டேஷனுக்கோ டல்லவாங் மெட்ரோவுக்கோ பஸ்ஸிலோ காரிலோ போக வேண்டும். டல்லவாங்கிலிருந்து மெட்ரோ நல்ல வேகம். 2024 ஆகஸ்டில் நகருக்குள்ளும் பாதை திறந்த பிறகு, விக்டோரியா கிராஸ் என்ற நிறுத்தத்தில் இறங்கினால் நார்த் சிட்னிதான். அதனால் உங்கள் பயணம் ஓடிவிடும். நீங்கள் காரை எடுத்துக்கொண்டு மெட்ரோ வாசலில் நிறுத்திவிட்டுப் போன பிறகு வீட்டில் என்ன நடக்கும்? பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டும், அரிசி பருப்பு வாங்க வேண்டும், மனைவி பேட்டிக்குப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் கார் வேண்டும். மூன்றாவது மாதம் இரண்டாவது கார் வாங்குவீர்கள். நண்பர் வீட்டு வாசலில் எத்தனை கார் நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு பழைய கார் என்றாலும் பெட்ரோல், பதிவுக் கட்டணம், கிரீன் ஸ்லிப் என்று இங்கே சொல்லும் கட்டாயக் காப்பீடு, அது தவிர வண்டிக்கான காப்பீடு, சர்வீஸ் எல்லாம் சேர்த்து என் கணக்கில் வாரம் 150-க்குக் குறையாது; 200-ஐயும் தொடும். இரண்டு கார் என்றால் வாரம் 350 என்று வைத்துக்கொள்ளுங்கள். 760 வாடகை 1,110 ஆகிவிட்டது. உங்கள் கைக்கு வருவதில் முக்கால் பங்கை நெருங்குகிறது. இதில் இன்னொரு முடிச்சு: தற்காலிக விசாவில் இருப்பவர் இந்திய உரிமத்தை வைத்து ஆறு மாதம்தான் ஓட்டலாம். அதற்குள் இங்கே எழுத்துத் தேர்வு, ஓட்டுநர் தேர்வு எல்லாம் முடித்தாக வேண்டும். கோவையில் 15 வருடம் ஓட்டியவர்கள் முதல் தடவை தோற்றுவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து புலம்பியிருக்கிறார்கள்.

இதை ஊருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. 2008-ல் நாங்கள் வந்தபோது நானே இதைச் செய்தேன். ஸ்டேஷனிலிருந்து 4 கிலோமீட்டர் தள்ளி, மணிக்கு ஒரு பஸ் வரும் தெருவில், வாரம் 60 டாலர் குறைவு என்று ஒரு வீட்டைப் பிடித்தேன். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு. ஐந்து மாதம் என் மனைவி அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தாள். பாரமட்டாவில் ஓர் அலுவலக வேலைக்குக் கூப்பிட்டார்கள். காலை எட்டரைக்கு அங்கே போய்ச் சேர வழியில்லை என்று அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அந்த வேலையின் சம்பளத்தை இன்றைக்கும் எனக்கு எடுத்துச் சொல்வாள், பைசா தவறாமல்.

ரயில் கட்டணத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஓப்பல் கார்டில் பெரியவர் ஒருவருக்கு வாரத்துக்கு 50 டாலர்தான் உச்சவரம்பு. அதற்கு மேல் எவ்வளவு தூரம் போனாலும் பிடிக்க மாட்டார்கள். மூன்று நாள் மட்டும் போகும் உங்களுக்கு அந்த ஐம்பதுகூட வராது. அதாவது, தண்டவாளத்தை ஒட்டி எவ்வளவு தள்ளிப் போனாலும் டிக்கெட் செலவு பெரிதாக ஏறாது, நேரம்தான் ஏறும். தண்டவாளத்தை விட்டு விலகினால் இரண்டும் ஏறும்.

ஹோம்புஷ் எனக்குப் பிடித்த இடம்தான். ஈழத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே அங்கே வேரூன்றி, கடைகளும் தமிழ்ப் பள்ளியும் உண்டாக்கிவிட்டார்கள். பக்கத்திலேயே ஸ்ட்ராத்ஃபீல்ட் பெரிய சந்திப்பு, எல்லாப் பக்கமும் ரயில். கார் இல்லாமலே வாழலாம். ஆனால் 740 என்பது உங்கள் ஒரு சம்பளத்தில் கிட்டத்தட்ட பாதி. இரண்டு சம்பளம் வந்த பிறகு அங்கே போங்கள்.

உங்கள் பட்டியலில் இல்லாத பெயர்களை நான் சொல்கிறேன்: வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், தூங்காபி. பாரமட்டாவைத் தாண்டி மேற்கே போகும் தடத்தில் வெஸ்ட்மீட்டுக்கு அடுத்தடுத்து வரும் மூன்று ஸ்டேஷன்கள். (தூங்காபி என்ற பெயரைக் கேட்டு எல்லாத் தமிழரும் ஒரு முறை சிரிப்பார்கள், நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். பழங்குடி மக்கள் வைத்த பெயர் அது.) இங்கே லிஃப்ட் இல்லாத, இரண்டு மூன்று மாடிப் பழைய செங்கல் ஃப்ளாட்கள் நிறைய உண்டு. பார்க்க லட்சணமாக இருக்காது. ஆனால் சுவர் கனம், அறை பெரிது, இரண்டு படுக்கையறை 600-ஐ ஒட்டிக் கிடைக்கிறது. அதே தெருவில் புதுக் கண்ணாடிக் கட்டடத்தில் அதைவிடச் சின்ன ஃப்ளாட்டுக்கு அதிகம் கேட்பார்கள்.

பெண்டில் ஹில்லில் ஏறினால் வண்டி மாறாமல், துறைமுகப் பாலத்தைத் தாண்டி நேரே நார்த் சிட்னி. ஏறத்தாழ ஒரு மணி நேரம், பெரும்பாலும் உட்கார இடம் கிடைக்கும். மனைவிக்கு பாரமட்டா மூன்றாவது ஸ்டேஷன். அலுவலகங்கள் குவிந்திருக்கும் இடம் அது. வெஸ்ட்மீட்டில் பெரிய மருத்துவமனைகள், அவற்றை ஒட்டிய வேலைகள். கணக்குப் பிரிவில் அனுபவம் உள்ளவருக்குத் தொடக்க வேலை கிடைக்க வாய்ப்புள்ள வட்டாரம். உங்கள் விசாவில் வரும் துணைக்கு முழு வேலை உரிமை உண்டு, அதை வீணாக்க வேண்டாம். கறிவேப்பிலை முதல் இட்லி அரிசி வரை நடந்து போய் வாங்கலாம். மேஸ் ஹில்லில் முருகன் கோவில் பக்கம்தான். முதல் வருடம் ஒரு காரோடு, கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் இருந்தால் கார் இல்லாமலே, ஓட்டிவிடலாம்.

இதற்கு அடுத்தபடி ஒன்று சொல்லச் சொன்னால், டல்லவாங் மெட்ரோவுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஃப்ளாட்கள். உங்கள் பயணம் முக்கால் மணி நேரத்தில் முடியும். ஆனால் மனைவி பாரமட்டா போக ரவுஸ் ஹில்லிலிருந்து பஸ்ஸை நம்ப வேண்டும். பஸ்ஸுக்கென்றே தனிப் பாதை இருக்கிறது, மோசமில்லை. நண்பர் வீடும் பக்கம். மனம் அங்கேதான் இழுக்கிறது என்றால் மார்ஸ்டன் பார்க்கில் வீடு பார்க்காமல் இங்கே பாருங்கள்.

மவுண்ட் ட்ரூயிட் பற்றிக் கேட்டீர்கள். அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் சுளிப்பவர்களில் பாதிப் பேர் அங்கே இறங்கியதே இல்லை. சில தெருக்கள் எனக்கும் பிடிக்காது. ஸ்டேஷனை ஒட்டி ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைகளோடு நடக்கச் சொல்ல மாட்டேன். அதே சமயம் நம் குடும்பங்கள் பல ஆண்டுகளாக அங்கே நிம்மதியாக இருக்கின்றன, தமிழ்ப் பள்ளிகூட நடக்கிறது. மாநிலக் குற்றப் புள்ளிவிவரத் துறை பகுதிவாரியாக வரைபடமே போடுகிறது. யார் பேச்சையும் கேட்காமல் அதைப் பாருங்கள். வீட்டை உடைத்துத் திருடுவது, காரைத் திருடுவது என்ற இரண்டு வரிகளைப் பார்த்தால் போதும். உங்கள் விஷயத்தில் என் தயக்கம் வேறு: அங்கிருந்து நார்த் சிட்னிக்கு வீட்டு வாசலிலிருந்து மேசை வரை ஒன்றரை மணி நேரத்துக்குப் பக்கமாகிவிடும். அந்த 540 ரூபாய், மன்னிக்கவும், டாலர் வீடு ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு தூரம் என்றும் நீங்கள் எழுதவில்லை.

பள்ளிக்காகவென்று பகுதியைத் தேர்ந்தெடுக்கப் பலர் சொல்வார்கள். ஒரு தவறை மட்டும் தடுத்துவிடுகிறேன். கிர்ரவீன் உயர்நிலைப் பள்ளியின் பெயரைக் கேட்டுவிட்டு, அந்தப் பகுதியில் கூடுதல் வாடகை கொடுத்துக் குடியேறுகிறவர்கள் இன்றும் உண்டு. அது முழுக்கத் தேர்வு வழிப் பள்ளி. முகவரியைப் பார்த்து இடம் தர மாட்டார்கள். ஆறாம் வகுப்பில் எழுதும் தேர்வுதான் வழி, அதற்கும் பிள்ளைக்கு நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமையாவது இருக்க வேண்டும். மகளுக்கு இன்னும் காலம் இருக்கிறது. இப்போது பார்க்க வேண்டியது, உங்கள் முகவரிக்கு எந்தத் தொடக்கப் பள்ளி வருகிறது, அங்கே பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் காலி இருக்கிறதா என்பதுதான். மூன்று மணிக்குப் பள்ளி முடிந்துவிடும். அங்கே இடம் இல்லையென்றால் மனைவியின் வேலை பேச்சோடு நின்றுவிடும். வீட்டுக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன் பள்ளிக்கு ஒரு போன் போடுங்கள்.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கோவையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்தவர் நீங்கள். சிட்னி என்றால் கடற்கரைப் படம்தான் மனதில் வரும். கடல் காற்று மேற்கே உள்ளே வருவதற்குள் செத்துவிடும். 2020 ஜனவரி 4-ஆம் தேதி பென்ரித்தில் 48.9 டிகிரி. மேற்கே போகப் போக வாடகை குறையும், ஏசி பில் கூடும். ஜூலையில் நேர்மாறு, விடிகாலை ஐந்தாறு டிகிரிக்கு இறங்கும். இங்கத்திய வீடுகள் குளிரைத் தடுப்பதில் மகா மோசம். அதனால் வீடு வடக்குப் பார்த்திருக்கிறதா என்று கேளுங்கள். வாஸ்துவுக்காகச் சொல்லவில்லை. பூமியின் தென்பாதியில் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் சாய்ந்து போகும். வடக்கே ஜன்னல் இருந்தால் குளிர்காலத்தில் வெயில் கூடத்துக்குள் வரும். மேற்கே பெரிய கண்ணாடி வைத்த ஃப்ளாட்டைக் கோடையில் பார்க்கப் போனால், மாலை நான்கு மணிக்குப் போய்ப் பாருங்கள், அப்புறம் நீங்களே வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்கள்.

கிரானி ஃப்ளாட் என்று ஒன்று கண்ணில் படும். ஒரு வீட்டின் பின்புறம் தனியாகக் கட்டிய சிறு வீடு. ஃப்ளாட்டைவிடக் குறைவாகக் கிடைப்பதுண்டு. மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். ‘பில்லைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம்’ என்று சொல்லும் இடத்தில் முன் வீட்டுக்காரரின் ஏசிக்கும் நீங்கள்தான் கட்டுவீர்கள்.

இப்போது அட்வான்ஸ். கோவையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இங்கே கேட்பது குறைவாகத் தெரியும், அதனால்தான் ஏமாறுகிறார்கள். சட்டப்படி நான்கு வார வாடகைக்கு மேல் பாண்டு, அதாவது காப்புப் பணம், வாங்க முடியாது. இரண்டு வார வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கவும் முடியாது. 600 டாலர் வீட்டுக்கு 2,400-ம் 1,200-ம், மொத்தம் 3,600. பாண்டு பணம் வீட்டுக்காரரின் பையில் இருக்கக் கூடாது. ஃபேர் டிரேடிங் என்ற அரசுத் துறையின் இணையக் கணக்கில் செலுத்தப்பட வேண்டும். ‘நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் போடுங்கள், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்’ என்று ஒருவர் எழுதினால் அது மோசடி, வேறு விளக்கமே கிடையாது. விளம்பரத்தில் போட்ட வாடகைக்கு மேல் எவ்வளவு தருவீர்கள் என்று ஏஜென்ட் கேட்பதும் சட்டத்துக்குப் புறம்பு. குடி வந்த பிறகு வாடகையை 12 மாதத்துக்கு ஒரு தடவைதான் ஏற்றலாம்.

மோசடி இல்லாத நல்ல ஏஜென்டாக இருந்தாலும் நேரில் பார்க்காமல் முடிக்க வேண்டாம் என்பேன். படத்தில் பூஞ்சை தெரியாது. குளியலறைக் கூரையையும், அலமாரியைத் திறந்து அதன் பின்சுவரையும் பாருங்கள், மூக்கையும் பயன்படுத்துங்கள். முடிந்தால் முதலில் நீங்கள் மட்டும் வாருங்கள். வென்ட்வொர்த்வில், வெஸ்ட்மீட் பக்கம் நான்கு வாரத்துக்கு ஓர் அறை எடுங்கள். வீடு காட்டுவது பெரும்பாலும் சனிக்கிழமை காலையில், பதினைந்து நிமிடம். இருபது பேர் வரிசையில் நிற்பார்கள். அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு அந்த ஸ்டேஷனில் நின்று பாருங்கள். ஞாயிறு மாலையும் ஒரு முறை. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது வீடியோ அழைப்பில் மனைவியைக் கூடவே அழைத்துக்கொண்டு போங்கள். அந்த வழியில் தினமும் நடக்கப் போகிறவர் அவர்.

கடைசியாக, கோவையிலேயே முடிக்க வேண்டிய ஒரு வேலை. இங்கே வாடகைக்கு விண்ணப்பிக்கும்போது முந்தைய வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று கேட்போம். ஆஸ்திரேலிய வாடகை வரலாறு இல்லாதவர்களின் விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிடுவது எங்கள் தொழிலில் நடக்கத்தான் செய்கிறது. நீங்கள் இப்போது வாடகை வீட்டில் இருந்தால், வீட்டுக்காரரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள்: எத்தனை வருடம் இருந்தீர்கள், வாடகை எவ்வளவு, ஒரு மாதமும் தவறாமல் கட்டினீர்கள் என்று. கையெழுத்தும் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். நாங்கள் கூப்பிட்டுப் பேசுவோம். அதோடு வேலைக் கடிதம், விசா, மூன்று மாத வங்கி அறிக்கை எல்லாவற்றையும் ஒரே கோப்பாகப் போனில் வைத்திருங்கள். வீட்டைப் பார்த்துவிட்டு வாசலில் நிற்கும்போதே அனுப்பிவிட வேண்டும். சாயங்காலம் யோசித்து அனுப்புகிறவருக்கு முன்னால் ஐந்து பேர் அனுப்பியிருப்பார்கள். வீட்டுக்காரர் கடிதத்தைச் சாவியை ஒப்படைப்பதற்கு முன் வாங்கிவிடுங்கள். காலி செய்த பிறகு யாரும் போனை எடுப்பதில்லை.